கிங்ஸ் கிராஸ் முதல் எடின்பரோ வரை: அதிவேக ரயில் பாதையை ஓட்டுநரின் கண்ணால் படிப்பது எப்படி?

லண்டன் கிங்ஸ் கிராஸில் எடின்பரோ ரயிலில் ஏறி உட்கார்ந்தால் 393 மைல் தூரத்தை நாலரை மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். இதைக் கிழக்குக் கடற்கரைப் பாதை என்கிறார்கள். அந்த நேரம் முழுக்க ஜன்னலுக்கு வெளியே பலகைகள், கம்பங்கள், எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அவை எல்லாம் ஒருவருக்காகவே வைக்கப்பட்டவை: முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்காக. அவற்றில் பாதியைப் பயணியும் படிக்க முடியும். எங்கே இருந்து தொடங்குவது என்று கேட்கிற புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ரயில் பொறியியல் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். ஒரு கைக்கடிகாரம், ஒரு குறிப்பேடு, ஜன்னலோர இருக்கை இருந்தால் போதும்.

முதல் படி: வேகம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் முதலில் கேட்பது, "இந்த ரயில் எவ்வளவு வேகம் போகும்?" பிரிட்டனில் இதைவிட முக்கியமான கேள்வி, "இந்த இடத்தில் பாதை எவ்வளவு வேகம் தாங்கும்?" அதைத்தான் லைன் ஸ்பீட் என்கிறார்கள்.

ஒரு உதாரணம். கிழக்குக் கடற்கரைப் பாதைக்காகக் கட்டப்பட்ட கிளாஸ் 91 இன்ஜின் மணிக்கு 140 மைலுக்கு வடிவமைக்கப்பட்டது. 1989 செப்டம்பர் 17 அன்று சோதனை ஓட்டத்தில் சுமார் 162 மைல் வேகத்தைத் தொட்டது. ஆனாலும் பயணிகளோடு ஓடிய காலம் முழுவதும் அதன் உச்ச வரம்பு 125 மைல்தான், அதாவது சுமார் 201 கிலோமீட்டர். இன்று ஓடும் அசூமா ரயில்களுக்கும் அதே 125தான். காரணம் இன்ஜின் அல்ல, சிக்னல். பாதையோரம் நிற்கும் விளக்கைக் கண்ணால் பார்த்து ஓட்டும் முறையில் 125க்கு மேல் போக பிரிட்டனில் அனுமதி இல்லை. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் சிக்னல் ஓட்டுநர் அறைக்குள்ளேயே வந்து நிற்க வேண்டும்.

125 மைல் என்பது நொடிக்கு 56 மீட்டர். அந்த வேகத்திலிருந்து வழக்கமாக பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய 2 கிலோமீட்டர் வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தைவிட நிற்கத் தேவையான தூரம் அதிகம். அதனால் ஓட்டுநர் கண்ணை மட்டும் நம்பி ஓட்ட முடியாது. வளைவு தெரிவதற்கு முன்பே அது அங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் துறையில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். மீதி எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

இரண்டாம் படி: "ரூட் கையெழுத்து" என்றால் என்ன?

நம்மூரில் லோகோ பைலட் என்கிறோம். பிரிட்டனில் வெறும் டிரைவர்தான். ஓட்டுநர் உரிமம் இருந்தால் மட்டும் அவர் எந்தப் பாதையிலும் ரயிலை எடுத்துவிட முடியாது. இரண்டு விஷயங்களை அவர் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும்: இந்த வகை ரயிலைத் தெரியும், இந்தப் பாதையைத் தெரியும். பாதையைக் கற்று, தேர்வில் தேறி, "எனக்கு இது தெரியும்" என்று கையெழுத்திட வேண்டும். அதனால்தான் அங்கே ஓட்டுநர்கள் பேசிக்கொள்ளும்போது "நீ லீட்ஸ் வரை கையெழுத்துப் போட்டிருக்கிறாயா?" என்று கேட்பார்கள்.

கற்பது என்றால் வரைபடத்தை மனப்பாடம் செய்வதல்ல. ஏற்கெனவே அந்தப் பாதை தெரிந்த ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். போகும் திசை, வரும் திசை இரண்டும் வேறு வேறு பாதைகள் மாதிரி. பகலில் ஒருமுறை, இருட்டில் ஒருமுறை. ஏற்றம் எங்கே, இறக்கம் எங்கே, எந்த சிக்னல் பாலத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும், எந்த நிலையத்தில் நடைமேடை குட்டை, இலையுதிர் காலத்தில் எங்கே சக்கரம் வழுக்கும், எல்லாம் தெரிய வேண்டும். பிறகு ஒவ்வொரு ஓட்டுநரும் தனக்கென்று பிரேக் அடையாளங்களை வைத்துக்கொள்வார். ஒருவருக்கு அது ஒரு தேவாலயக் கோபுரம், இன்னொருவருக்கு ஒரு சாலைப் பாலம். மூடுபனியில் கோபுரம் தெரியாது. அப்போது பாலத்தின் மேல் சக்கரச் சத்தம் மாறுவதுதான் அடையாளம்.

பல மாதங்கள் அந்தப் பாதையில் ஓட்டாமல் விட்டால் கையெழுத்து செல்லாது. மறுபடி புதுப்பிக்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்டால் பயணியாகவும் ஒரு பலன் உண்டு. கிழக்குக் கடற்கரைப் பாதையில் ஓரிடம் அடைபட்டால், லிங்கன் வழியாகச் சுற்றிப் போக தண்டவாளம் இருக்கும், ரயிலும் தயாராக இருக்கும், ஆனால் ரயில் நகராது. அன்றைக்கு அந்த வண்டியில் இருக்கும் ஓட்டுநர் லிங்கன் பாதைக்குக் கையெழுத்துப் போட்டிருக்காவிட்டால், அது தெரிந்த இன்னொருவர் வழிகாட்டியாக உடன் வர வேண்டும். "மாற்றுப் பாதை இருக்கும்போது ஏன் நிற்கிறோம்?" என்று பெட்டிக்குள் கோபக் குரல் எழும்போது எனக்கு இதைச் சொல்லத் தோன்றும்.

மூன்றாம் படி: வீட்டிலேயே செய்ய வேண்டிய தயாரிப்பு

கிளம்புவதற்கு முதல் நாள் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். இரண்டும் இலவசம்.

ஒன்று, ரியல்டைம் டிரெயின்ஸ் என்ற இணையதளம். உங்கள் ரயிலைத் தேடி, விரிவான பார்வைக்கு மாற்றுங்கள். ரயில் நிற்காமல் கடக்கும் இடங்களின் நேரமும் மைல் கணக்கும் அங்கே வரும். நான்கு எழுத்தாலான ஒரு அடையாளமும் தெரியும். உதாரணமாக 1 என்று தொடங்கினால் விரைவுப் பயணிகள் ரயில். அடுத்து வரும் ஆங்கில எழுத்து அது போகும் பகுதி; லண்டனிலிருந்து ஸ்காட்லாந்து போகிறதென்றால் அங்கே 'எஸ்' இருக்கும். கடைசி இரண்டு எண்கள் அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கு.

இரண்டாவது, பிரிட்டனின் தண்டவாளங்களைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரயில் நிறுவனம் வெளியிடும் செக்‌ஷனல் அப்பெண்டிக்ஸ். இது ஓட்டுநர்களே பயன்படுத்தும் ஆவணம். கிங்ஸ் கிராஸில் தொடங்கும் பாதைக்கு எல்என்101 என்று எண். திறந்தவுடன் மிரண்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இடப்பக்கம் இடங்களின் பெயர், அடுத்து தூரம், அதற்கடுத்து தண்டவாளங்களைக் குறிக்கும் நேர்க்கோடுகள், அவற்றின் அருகே வேக எண்கள். அவ்வளவுதான். லண்டனை நோக்கிப் போவது 'அப்', லண்டனை விட்டு விலகுவது 'டவுன்'. எண்கள் எல்லாம் மணிக்கு மைல் கணக்கு.

தூரம் மைலிலும் செயினிலும் இருக்கும். ஒரு மைலுக்கு 80 செயின், ஒரு செயின் சுமார் 20 மீட்டர். நில அளவையில் சங்கிலி பிடித்த காலத்திலிருந்து வந்த கணக்கு இது. இன்றும் பிரிட்டிஷ் ரயில்வேயில் பாலம், சிக்னல், கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் இதுதான் முகவரி.

நான்காம் படி: ஜன்னலில் எதைத் தேட வேண்டும்?

முதலில் மைல் கம்பம். கால் மைலுக்கு ஒன்று நிற்கும். முழு மைல் எண், அதனோடு கால், அரை, முக்காலைக் காட்டும் சிறு அடையாளம் இருக்கும். பொதுவாக ஒரே பக்கத்தில்தான் நடுவார்கள். பத்து நிமிடம் பார்த்தும் ஒன்றும் கண்ணில் படவில்லையென்றால் எதிர்ப்பக்க இருக்கைக்கு மாறுங்கள்.

அடுத்த கம்பம் வர எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 900ஐ அந்த நொடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்று வந்துவிடும். 15 நொடி என்றால் 60. 12 என்றால் 75. 9 என்றால் 100. 7.2 நொடி என்றால் 125, அதாவது முழு லைன் ஸ்பீட். அந்த வேகத்தில் கால் மைலை அளந்தால் அரை நொடிப் பிழையே எண்ணைப் பெரிதும் மாற்றிவிடும். அதனால் முழு மைலை அளந்து 3600ஐ வகுப்பது நல்லது. 125க்கு 28.8 நொடி. நான் முதல்முறை அளந்தபோது 29 என்று வந்தது. உடனே அடுத்த மைல், மறுபடி 29. அதற்கடுத்த மைலும் 29. இவ்வளவு பெரிய இயந்திரத்தை ஒருவர் அப்படி ஒரே சீராகப் பிடித்து வைத்திருக்கிறாரே என்று வியந்து, அளப்பதை விட்டுவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஜிபிஎஸ் செயலி வைத்தும் அளக்கலாம்; ஜன்னலை ஒட்டி வைத்தால் சிக்னல் கிடைக்கும். ஆனாலும் ஆரம்பத்தில் கம்பத்தை எண்ணிப் பழகுங்கள், அப்போதுதான் பாதை மனதில் பதியும்.

அப்புறம் வேகப் பலகை. சிவப்பு விளிம்போடு வட்டமாக, கறுப்பு எண்ணோடு இருந்தால் அந்த இடத்திலிருந்து அதுதான் நிரந்தர வேக வரம்பு. ஒரே இடத்தில் இரண்டு எண்கள் மேலும் கீழுமாக இருந்தால் குறைவானது சரக்கு ரயிலுக்கு, அதிகமானது பயணிகள் ரயிலுக்கு. எண்ணோடு 'எச்எஸ்டி', 'எம்யூ' போன்ற எழுத்துகள் இருந்தால் அந்த வகை வண்டிகளுக்கு மட்டும் தனி வேகம். தலைகீழ் முக்கோணத்தில் எண் இருந்தால் அது முன்னெச்சரிக்கை: இந்த வேகம் இன்னும் சற்றுத் தள்ளி வரப்போகிறது என்று பொருள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வேகம் குறையும்போது ரயிலின் முகப்பு பலகையை அடைவதற்குள் குறைந்திருக்க வேண்டும். கூடும்போது கடைசிப் பெட்டியும் பலகையைத் தாண்டிய பிறகுதான் கூட்டலாம். 9 பெட்டி அசூமா சுமார் 234 மீட்டர் நீளம். 50 மைல் வேகத்தில் அது கடக்கப் பத்து நொடிக்கு மேல் ஆகும். முன்பெட்டியில் உட்கார்ந்து வட்டப் பலகையைப் பார்த்துவிட்டு, மோட்டார் முறுக்கும் சத்தம் வரும் வரை எண்ணிப் பாருங்கள்.

சிக்னல் விளக்குகளைப் பயணி பார்ப்பது கடினம். ஆனாலும் வரிசை தெரிந்திருக்கட்டும்: பச்சை என்றால் போகலாம், இரட்டை மஞ்சள் என்றால் முதல் எச்சரிக்கை, ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்தது சிவப்பாக இருக்கலாம், பிறகு சிவப்பு. ஓட்டுநர் அறையில் பச்சைக்கு ஒரு மணியோசை கேட்கும், மற்றவற்றுக்கு ஒரு ஹாரன். ஹாரன் ஒலித்தால் உடனே பொத்தானை அழுத்தி ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் தானாகவே விழும். அழுத்தியவுடன் சூரியகாந்திப் பூ போல மஞ்சளும் கறுப்புமான ஒரு வட்டம் அவர் முன்னால் விரியும், "நீ எச்சரிக்கை வாங்கியிருக்கிறாய்" என்று நினைவூட்ட.

ஐந்தாம் படி: தற்காலிகக் கட்டுப்பாடுகள்

ஆவணத்தில் 125 என்றிருக்கும், ரயிலோ 60இல் போகும். தாமதமான ரயில் என்று முடிவு கட்டுவதற்கு முன் மஞ்சள் பலகையைத் தேடுங்கள். தண்டவாள வேலை, பாலப் பழுது, மண் சரிவு எதற்காகவும் தற்காலிக வரம்பு போடுவார்கள். முதலில் எச்சரிக்கைப் பலகை, பிறகு வரம்பு தொடங்கும் எண், முடியும் இடத்தில் 'டி' என்ற எழுத்து. இவற்றை வாராந்திர அறிவிப்பாக ஓட்டுநர்களுக்கு முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுப்பார்கள். அவசரமாகப் போட்டதென்றால் மின்னும் விளக்கோடு கூடுதல் பலகை ஒன்று இருக்கும்.

பலகையோடு தண்டவாளத்துக்கு நடுவில் ஒரு காந்தமும் வைப்பார்கள், ஓட்டுநர் அறையில் ஹாரன் ஒலிக்க. அதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1975 ஜூன் 6 அதிகாலை, லண்டன் யூஸ்டனிலிருந்து கிளாஸ்கோ போன இரவு ரயில் நனீட்டன் அருகே வந்தபோது, 20 மைல் கட்டுப்பாட்டைக் காட்டும் எச்சரிக்கைப் பலகையின் விளக்கு அணைந்திருந்தது. விளக்கு இல்லை, அதனால் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள் என்று ஓட்டுநர் நினைத்தார். 6 பேர் இறந்தார்கள். அந்தக் காந்தங்கள் தற்காலிகக் கட்டுப்பாடுகளுக்கும் வந்தது அதன் பிறகுதான்.

வெயில் காலத்திலும் வேகம் குறையும். பிரிட்டனில் தண்டவாளத்தை 27 டிகிரி வெப்பத்தில் இறுக்கமின்றி இருக்கும்படி பூட்டுகிறார்கள். நமக்கு அது இதமான நாள். அங்கே கோடையில் தண்டவாளம் அதைவிட மிக அதிகமாகச் சூடேறி நெளியப் பார்க்கும். 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் முதல்முறையாக வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியபோது கிங்ஸ் கிராஸிலிருந்து ரயிலே விடவில்லை.

ஆறாம் படி: மற்ற இரண்டு பாதைகள்

யூஸ்டனிலிருந்து கிளாஸ்கோ போகும் மேற்குக் கடற்கரைப் பாதை வளைவுகள் நிறைந்தது. அங்கே பெண்டோலினோ ரயில் வளைவில் 8 டிகிரி வரை உட்பக்கம் சாயும். அப்படிச் சாயும் ரயிலுக்கு மட்டும் 'இபிஎஸ்' என்ற கூடுதல் வேக வரம்பு உண்டு; உச்சம் 125. சாயாத ரயில் அதே பாதையின் பல இடங்களில் 110ஐத் தாண்ட முடியாது. சாய்வுக்கு அனுமதி உண்டா, வேகம் வரம்புக்குள் இருக்கிறதா என்று தண்டவாளத்தில் பதித்த கருவிகள் வழியாக ஒரு அமைப்பு கண்காணித்துக்கொண்டே இருக்கும்.

லண்டன் செயின்ட் பாங்க்ராஸிலிருந்து ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்துக்குப் போகும் எச்எஸ்1 அதிவேகப் பாதை வேறு உலகம். 2007 நவம்பரில் முழுமையாகத் திறந்தார்கள். 109 கிலோமீட்டர், எல்லாம் மெட்ரிக் கணக்கு. யூரோஸ்டார் 300 கிலோமீட்டரில் போகும், உள்ளூர் சேவையான ஜாவலின் 225இல். பாதையோரத்தில் வண்ண விளக்கு தேடாதீர்கள். நீலச் சதுரத்தில் மஞ்சள் முக்கோணம் போட்ட பலகைகள் மட்டும் தெரியும். அவை பாதையின் பகுதிகளைப் பிரிக்கும் எல்லைக்குறிகள். போக வேண்டிய வேகம் ஓட்டுநரின் மேசையிலேயே எண்ணாக வந்து நிற்கும். ஆஷ்ஃபோர்டைத் தாண்டினால் ஜாவலின் மேல்கம்பி மின்சாரத்தை விட்டுவிட்டு பாதையோரம் தரையில் ஓடும் மூன்றாம் தண்டவாளத்தின் மின்சாரத்துக்கு மாறி, பழைய பிரிட்டிஷ் விளக்குகளுக்கும் மைலுக்கும் திரும்பிவிடும். ஒரே பயணத்தில் இரண்டு மொழி பேசும் ஓட்டுநர் அவர். ஆரம்பத்தில் இரண்டு முறையையும் ஒப்பிட்டுப் பார்க்க லண்டன்–ஆஷ்ஃபோர்ட் பயணத்தைவிட நல்ல பாடம் இல்லை. 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ஏழாம் படி: ஏறி உட்காருங்கள்

இனி கிங்ஸ் கிராஸ். நிலையத்தை விட்டதும் காஸ்வொர்க்ஸ், கோப்பன்ஹேகன் சுரங்கங்கள். இங்கே மெதுவாகத்தான் போகும். புறநகரைத் தாண்டும்போது வேகம் படிப்படியாக ஏறும். வெல்வின் அருகே உயரமான பாலம் வரும், 40 கமான்கள், 1850இல் திறந்தது. அதுவரை நான்காக இருந்த தண்டவாளங்கள் அதன் மேல் இரண்டாகக் குறையும். ஒரு ரயில் இங்கே தாமதித்தால் அதன் வால் எடின்பரோ வரை நீளும்.

ஸ்டீவனேஜைத் தாண்டியதும் கடிகாரத்தை எடுங்கள். ஹண்டிங்டனுக்கு முன்னால் ஆஃபோர்டில் ஊஸ் ஆற்றை ஒட்டி வளைவு, அங்கே சற்றுக் குறையும். 76 மைலில் பீட்டர்பரோ.

பீட்டர்பரோவில் ஒன்றைக் கவனியுங்கள். 2022 ஏப்ரல் 17 அன்று நியூகாசிலிலிருந்து வந்த ஒரு ரயில், நிலையத்தின் வடக்கே தண்டவாளம் பிரியும் இடத்தை 76 மைல் வேகத்தில் கடந்தது. அங்கே வரம்பு 25. ரயில் தடம் புரளவில்லை. சில பயணிகளுக்குச் சிறு காயங்கள். நேராகப் போகும் பாதை அல்ல, பக்கவாட்டுப் பாதை என்று சிக்னல் காட்டியதற்கு ஏற்ப வேகம் குறையவில்லை என்று விபத்து விசாரணைக் குழு சொன்னது. நேர்ப்பாதைக்கு ஒரு வேகம், பிரியும் பாதைக்கு வேறு வேகம். ஒரே இடத்தில் இரண்டும் இருக்கும். செக்‌ஷனல் அப்பெண்டிக்ஸைப் படிக்கும்போது புதியவர்கள் அடிக்கடி தவறவிடுவதும் இதையேதான்.

பீட்டர்பரோவுக்கு வடக்கே ஸ்டோக் சுரங்கம் வரை ஏற்றம். எதிர்த்திசையில் இதே சரிவில் இறங்கும்போதுதான் 1938 ஜூலை 3 அன்று மல்லார்ட் நீராவி இன்ஜின் 126 மைல் தொட்டது. இந்தப் பகுதியின் சிக்னல்களில் பச்சை விளக்கு விட்டு விட்டு மின்னுவதைக் காணலாம். 140 மைல் சோதனைக்காக வைத்த ஐந்தாவது அடையாளம் அது. இன்று சாதாரணப் பச்சைக்குச் சமம்.

நியூவார்க்கைத் தாண்டியதும் திடீரென்று சக்கரத்தடியில் தடதடவென்று ஒரு அதிர்வு வந்து போகும். அங்கே நாட்டிங்ஹாம்–லிங்கன் பாதை இந்தப் பாதையைத் தரைமட்டத்திலேயே குறுக்காக வெட்டுகிறது. அதற்காக வரம்பு 100. கம்பம் பார்க்காமலே காதால் வேகப் பலகையைக் கண்டுபிடிக்கலாம்.

டான்காஸ்டருக்கு வடக்கே செல்பி மாற்றுப் பாதை. பழைய பாதையின் அடியில் நிலக்கரி வெட்டத் திட்டமிட்டதால் தரை இறங்கும் என்று 1983இல் புதிதாகப் போட்டார்கள். தொடக்கத்திலிருந்தே 125க்கு அளந்து போட்டதால் மேசை மேல் வைத்த தேநீர்கூட அசையாது.

யார்க் நிலையமே ஒரு வளைவில் இருக்கிறது, எல்லா ரயிலும் ஊர்ந்துதான் நுழையும். இங்கிருந்து மைல் எண் மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். பழைய காலத்தில் கிரேட் நார்தர்ன், நார்த் ஈஸ்டர்ன், நார்த் பிரிட்டிஷ் என்று மூன்று கம்பெனிகள் ஆளுக்கொரு துண்டாகப் பாதை போட்டார்கள்; கம்பங்கள் அந்தக் கணக்கை இன்னும் விடவில்லை. யார்க்கிலிருந்து டார்லிங்டன் வரை சமதளம், நேர்கோடு. முதல்முறை வருகிறவர்கள் நேரமளந்து பழக இதுதான் சிறந்த இடம். 1987 நவம்பர் 1 அன்று ஒரு டீசல் ரயில் 148 மைலைத் தாண்டிய பகுதியும் இதுவே.

டைன் ஆற்றைக் கடந்து நியூகாசில். பல ரயில்களில் ஓட்டுநர் இங்கே மாறுவார். ஜன்னலில் பார்த்தால் பையோடு ஒருவர் இறங்க, இன்னொருவர் ஏறுவது தெரியும். மைல் மறுபடி பூஜ்யம்.

வலப்பக்க ஜன்னலுக்கு இப்போதே வந்துவிடுங்கள். 16வது மைலைத் தாண்டும்போது பிரேக் பிடிப்பதை உடம்பு உணரும். மார்பெத் வளைவு. வடமேற்காகப் போன பாதை கிழக்கே திரும்பி நிலையத்துக்குள் நுழைகிறது. வரம்பு 50. உங்கள் ரயிலின் முன்பெட்டிகளே உங்களுக்கு முன்னால் வளைந்து போவது தெரியும். 1969, 1984, 1994 என்று மூன்று முறை இங்கே ரயில்கள் வேகம் குறையாமல் வந்து தடம் புரண்டன. 1969 மே 7 விபத்தில் 6 பேர் இறந்தார்கள். அன்று அந்த ஓட்டுநர் கையில், முந்தைய ஒரு பயணத்தில் ஏன் தாமதம் என்று விளக்கம் கேட்ட அலுவலகக் கடிதம் இருந்தது. அதையே நினைத்துக்கொண்டு வந்தவர் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தைக் கவனிக்கவில்லை. பாதை அவருக்குத் தெரியும். அந்த ஒரு நிமிடம் நினைவுக்கு வரவில்லை. அதன் பிறகு, வேகம் பெரிதாகக் குறையும் இடங்களில் முன்னெச்சரிக்கைப் பலகையோடு காந்தமும் வைத்தார்கள். இன்றும் ஓட்டுநர்கள் அவற்றை மார்பெத் பலகை என்றுதான் சொல்கிறார்கள்.

பிறகு கடல் உங்கள் பக்கம் வரும். பெரிக்கில் ராயல் பார்டர் பாலம், 28 கமான்கள். அதைத் தாண்டியதும் கம்பத்தைக் கவனியுங்கள்: எண் இப்போது எடின்பரோவிலிருந்து அளந்தது. 57இல் தொடங்கி, இதுவரை ஏறிக்கொண்டே வந்த எண் இறங்கத் தொடங்கும். டன்பாரில் 29. பிறகு 10, 5. ஒன்றைத் தாண்டும்போது கால்டன் சுரங்கத்தின் இருட்டு. வெளிச்சம் வரும்போது எடின்பரோவின் வேவர்லி நிலைய நடைமேடை. இறங்கி முன்பக்கம் வரை நடந்து போங்கள். ஓட்டுநர் அறைக் கதவு திறந்து, நியூகாசிலில் ஏறியவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வருவார்.